ஓட்டே வாங்காத கவுன்சிலர்

ஜெயித்த கவுன்சிலர்கள் உண்டு. தோற்ற கவுன்சிலர்கள் உண்டு. ஜெயித்த மறுநாளே காணாமல் போன கவுன்சிலர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் தேர்தலே நடக்காமல், ஒரே ஒரு ஓட்டுக்கூட வாங்காமல், தனக்குத்தானே பதவிப் பிரமாணம் செய்துகொண்டு ஒரு வார்டையே ஆண்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் மூலக்குளத்தில் மட்டும்தான் இருக்கிறார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். எனக்குத் தெரியாது. அவர் வீட்டம்மாவே "கவுன்சிலரே, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் என்பது, "இதோ கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகும் விருந்தாளி மாதிரி. அறிவிப்பு வரும், சுவரில் வெள்ளை அடிப்பார்கள், யாராவது வழக்குப் போடுவார்கள், நின்றுவிடும். அப்படி ஒரு அறிவிப்பு வந்தபோதுதான் நம்மவர் களத்தில் இறங்கினார். தொழில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுவது. வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டு வீடு வீடாகக் கும்பிட்டு முடிப்பதற்குள் தேர்தல் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

"தேர்தல் நின்னா எனக்கு இன்னா தம்பி? சாக்கடை நாத்தம் நின்னுச்சா?" என்றார்.

அன்று ஏறிய டி.வி.எஸ். ஃபிஃப்டியை விட்டு அவர் இறங்கவே இல்லை. காலையில் ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு. எரியாத விளக்கு, வராத தண்ணீர், மூடாத குழி எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு போன் போடுவார். "ஹலோ, நான் கவுன்சிலர் பேசுறேன்." அவ்வளவுதான். அந்த முனையில் இருப்பவர்களுக்கு நிஜமான கவுன்சிலர் யாரென்று தெரிந்தால்தானே சந்தேகம் வரும்? கவுன்சிலரைப் பார்த்தே பல வருஷமாகிவிட்ட ஊர். ஏணியோடு ஆள் வந்துவிடும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் மன்றக் கூட்டம் நடக்கும். அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுத் தெருவே உட்காரும். தீர்மானம் படிப்பார், அவரே நிறைவேற்றுவார். எதிர்க்கட்சி இல்லாமல் சபை நடத்தினால் நன்றாக இருக்காது என்று எங்கள் தெரு சொல்தாவை எதிர்க்கட்சித் தலைவராக நியமித்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் நெட்டையான கிழவர், நிழலில்கூடத் தொப்பியைக் கழற்றாதவர், நகராட்சியை இன்னமும் பிரெஞ்சில் 'மேரி' என்றே சொல்பவர். காபி வர லேட்டானால் உடனே வெளிநடப்பு செய்வார். காபி வந்ததும் சபைக்குத் திரும்புவார்.

இதில் வேடிக்கை, சொல்தாவுக்கு இங்கே ஓட்டே கிடையாது. அவர் பிரெஞ்சுக் குடிமகன். பாரீசில் யார் ஜனாதிபதியாக வேண்டும் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு இங்குள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். தன் வீட்டு வாசலில் யார் குப்பை அள்ள வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. "அப்புறம் ஏண்ணே அவர் வீட்டுக்கே தினமும் போய் நிக்கிறீங்க?" என்று கவுன்சிலரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"ஓட்டு இல்லேன்னா கொசு கடிக்காம உட்டுடுமா தம்பி?" என்றார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்சிக்கு ஆபத்து வரைபடமாக வந்தது. வார்டு எல்லைகளைப் புதிதாக வரையப் போகிறார்கள் என்று வரைவு வெளியிட்டார்கள். எங்கள் தெருக்களுக்கும் கவுன்சிலர் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன்மேல் சின்னதாக ஒரு கல்வெர்ட்டுப் பாலம். வரைந்தவர் அந்த வாய்க்காலையே எல்லையாக்கிவிட்டார். கிழக்கே இருக்கும் நாங்கள் எல்லாரும் ஒரு வார்டு. மேற்கே கவுன்சிலரின் வீடும் கடையும், அவருக்கு முன்பின் தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வேறு வார்டு.

போனில் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்க ஆக்கக் கோடுதான் தடித்தது.

"என் வார்டுக்கு நானே விருந்தாளியா போவணுமா?" என்றார். வேறு வார்டில் இருந்துகொண்டே இங்கே நிற்கலாம், கூடாது என்று ஆளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "என் ஓட்டே எனக்கு விழாது. என் பொண்டாட்டி ஓட்டும் விழாது. அப்புறம் நின்னு இன்னா புண்ணியம்?"

"இங்க இருந்தா மட்டும் விழுமாக்கும்!" என்று உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் வந்தது.

முதலில் வாய்க்காலைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வெட்ட முடியுமா என்று விசாரித்தார். அது நடக்காது என்று தெரிந்ததும், வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கள் பக்கம் வந்துவிடத் தீர்மானம் போட்டார். வீட்டம்மா அதைத் தோற்கடித்தார். "கோடு போட்ட ஆபீசரை வரச்சொல்லு. கிரைண்டரை அவரு தலையில தூக்கிட்டு வரட்டும், நானும் வர்றேன்."

மிச்சம் இருந்தது ஆட்சேபம் சொல்லும் கூட்டம். வேன் பிடித்துத் தெருவையே ஏற்றிக்கொண்டு போனார். மேசைக்குப் பின்னால் களைத்துப்போன ஓர் அதிகாரி.

"நீங்க யாரு?"

"கவுன்சிலர் சார்."

"தேர்தலே நடக்கலியே?"

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது? நீங்கதான் நடத்தணும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆள் கணக்கு எல்லா வார்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், வாய்க்கால்தான் யாரும் தகராறு செய்ய முடியாத எல்லை என்று பொறுமையாகவே விளக்கினார். "உங்க ஆட்சேபம் என்ன? காரணம் சொல்லுங்க."

பேசுவதற்கே பிறந்த எங்கள் கவுன்சிலர் அன்று ஒரே ஒரு வரிதான் பேசினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க எல்லாம் என் ஆளுங்க சார்" என்றார். அதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சொல்தா எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. கணீரென்று பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். கை ஆட்டினார், கூரையைச் சுட்டிக் காட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார். எங்களுக்குப் புல்லரித்தது. அதிகாரியும் எழுந்து நின்று, "பதிவு பண்ணிக்கிறோம்" என்றார். வெளியே வந்து, என்ன தாத்தா பேசினீர்கள் என்று கேட்டோம்.

"ஃபேன் போடச் சொன்னேன். மூச்சு முட்டுது" என்றார் சொல்தா.

கோடு மாறவில்லை. வரைவில் இருந்தபடியே இறுதி அறிவிப்பும் வந்தது. சில நாள் கவுன்சிலர் கடையைத் திறக்கவில்லை. பிறகு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புது வார்டின் அடுக்குமாடிகளுக்குக் கும்பிடு போடக் கிளம்பினார். முதல் வாசலிலேயே செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்? போன் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குத்தான் அந்த செக்யூரிட்டியை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கல்வெர்ட்டு அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசற்படி ஏறியது. பழக்க தோஷத்தில் அவருக்குத்தான் போன் போட்டேன்.

"அது என் எல்லை இல்ல தம்பி. உங்க கவுன்சிலரைக் கூப்புடுங்க."

"எங்களுக்கு ஏதுண்ணே கவுன்சிலர்? தேர்தலே நடக்கலியே!"

"நடக்கும். நான் இப்ப வந்து செஞ்சா, நாளைக்கு வரப்போற மனுசனுக்கு இன்னா மரியாதை?"

போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் வாய்க்காலின் அந்தக் கரையில் ஒரு குடை தெரிந்தது. தன் எல்லையின் ஓரத்தில், ஒரு கால்விரல்கூட எங்கள் பக்கம் படாமல் நின்றுகொண்டு கத்தினார். "வலது பக்கம் கம்பியை உடு! ஐய, உங்க வலது இல்லப்பா, என் வலது! ஆங், இப்ப குத்து!" குத்தினோம். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் அவர் திரும்பி நடந்தார்.

தேர்தல் வழக்கம்போல மறுபடியும் நின்றது. மழை விட்ட பிறகு சொல்தா போய்ச் சேர்ந்தார். படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவர் வீடு எங்கள் பக்கம். விடிந்து பார்த்தால் கவுன்சிலர் கல்வெர்ட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, கைலி கட்டியிருந்தார். தோளில் நாற்காலி அடுக்கு.

"அண்ணே, எல்லை..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கவுன்சிலரா வரல தம்பி. ஆளா வந்திருக்கேன்."

அடக்கம் முடியும்வரை கிழவரின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அழுதார். எல்லாம் முடிந்ததும் நாற்காலிகளைத் தானே எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பழையபடி அந்தக் கரையோடு நின்றுகொண்டார்.

இப்போது அந்த அடுக்குமாடிகளில் ஒரு மாடிக்காரர் மட்டும் அவரை உள்ளே விடுகிறாராம். லிஃப்ட் ரிப்பேரான அன்று இவர் போன் போட்டு ஆள் வரவழைத்தாராம். ஆட்சி மெல்ல வேர் பிடிக்கிறது. எங்கள் பக்கம் முனை விளக்கு எரிவதில்லை, அதைப் பற்றிப் உரிமையோடு கோபப்பட ஓர் ஆள் இல்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் மைக் வைத்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். அதனால் வாசகர்களிடம் ஒரே ஒரு உதவி. மூலக்குளத்தில், வாய்க்காலுக்கு மேற்கே, வாடகைக்கு ஏதாவது வீடு இருந்தால் சொல்லுங்கள். சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் உப்பாக இருந்தாலும் பரவாயில்லை; தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால், அந்த மனிதருக்கு ஒரு ஓட்டாவது விழ வேண்டும்.