அக்கா வீட்டில் சொல்லக் கூடாதவை

இனி இந்த வீட்டில் ஒரு நாள்கூடப் பல் விளக்குவதில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தபோது, அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. அதனால் வீரவசனமாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து முறைத்தார். கண்ணாடியில் இருந்தவரும் முறைத்தார். நம் கட்சியில் ஒருத்தராவது இருக்கிறாரே என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

அது அவர் வீடு இல்லை. கடல் கடந்து வந்து தங்கியிருக்கும், மனைவியின் அக்கா வீடு.

மனைவி பூகோள டீச்சர். ஊரில் தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். தெருவை எதிர்த்துக்கொள்ளத் துணிவில்லாததால் அவரும் டீச்சர் என்றே கூப்பிடுவார். எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் மலையும் கடலும் வரைந்தவள், சாக்பீஸ் மலையைத் தவிர வேறு மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்தும் பல வருஷம். போனில் பேசினால் பாதி நேரம் "கேட்குதா? கேட்குதா?" என்பதிலேயே போய்விடும். அதனால் சேர்த்து வைத்த லீவையெல்லாம் பள்ளி விடுமுறையோடு ஒட்டவைத்து, கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வந்த இடத்தில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு அதுதான் குறை. எல்லாரும் மரியாதையாக நடத்தினார்கள். மரியாதை தாங்காமல் அவர் சோபாவின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்க நினைத்தால் அதற்குள் ஒருவர் எழுந்து ஓடி எடுத்து வந்தார். ஊரில் அவர் கடை நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், "மேலே பாருங்க, கீழே பாருங்க, இப்போ தெளிவா இருக்கா?" என்று உத்தரவு போடுகிறவர் அவர். இங்கே தினமும் காரில் ஏற்றிக்கொண்டு போய், "அங்கே பாருங்க பாலம், இங்கே பாருங்க மணிக்கூண்டு" என்று அவருக்கு உத்தரவு போட்டார்கள். பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. கடைப் பையன் அங்கே யார் மூக்கில் யார் கண்ணாடியை மாட்டிவிடுகிறானோ என்ற கவலை வேறு.

இரண்டு வாரம் என்றுதான் பேச்சு. அது மூன்றாக நீண்டது. இப்போது, எல்லாருமாக மலைக்குப் போகலாம், அப்படியே சகலையின் தம்பி இருக்கும் தீவுக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று காற்றில் பேச்சு அடிபட்டது. பெயர்தான் விடுமுறை. யாரும் விடுகிற முறையாகத் தெரியவில்லை.

'ஊருக்குப் போகலாம்' என்று நேராகக் கேட்கலாம்தான். கேட்டால் டீச்சர் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எந்த நம்பர் கண்ணாடி போட்டாலும் தாங்காது. ஆகவே வாயைக் கொப்பளித்தபடியே அவர் ஒரு திட்டம் போட்டார். டீச்சர் மானஸ்தி. கூடப் பிறந்த அக்காவே ஆனாலும் முகம் சுளித்தால், அடுத்த நிமிஷம் பெட்டியைத் தூக்கிவிடுவாள். அக்கா வீட்டார் முகம் சுளிக்க வேண்டும். அவ்வளவுதானே? தன் வாயின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தபடி வெளியே வந்தால், டீச்சரே வழியில் நின்றாள்.

"என்னங்க, என்ன முதுகைப் பிடிச்சுக்கிட்டு வர்றீங்க?"

"மெத்தை. படுத்தா கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. காலையில யாராவது கயிறு போட்டுத் தூக்கணும்."

"மெதுவா பேசுங்க! அக்கா ஆசை ஆசையா வாங்கின மெத்தை. தயவு செஞ்சு அதைப் பத்தி மட்டும் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க."

அவர் மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. காபியோடு வந்த அக்காவிடம், அதாவது அவருக்கு அண்ணியிடம், அதே கிணற்றுக் கதையை, தவளை சேர்த்துச் சொன்னார்.

அண்ணி முகம் சுளிப்பதற்குள் சகலை துள்ளி எழுந்தார். சகலை ஆறடி உயரம். லிஃப்ட் கம்பெனியில் என்ஜினியர். சகலமும் தெரிந்த சகலை என்று கண்ணாடிக்கடைக்காரர் அவருக்கு மனசுக்குள் பட்டம் கொடுத்திருந்தார்.

"பார்த்தியா! நான் சொன்னா நம்பலையே! நானும் தரையில பாய் போட்டுப் படுக்கிற ஆளுதான், சகலை. இவ விடமாட்டேங்கிறா. துணைக்கு ஒருத்தர் இல்லையேன்னு இருந்தேன். வாங்க, இன்னிலேர்ந்து ஹால்ல நாம ரெண்டு பேரும்!"

அன்றிலிருந்து ஹாலில் அவரும் சகலையும். தூக்கம் வரும்வரை சகலை லிஃப்ட்டுகளைப் பற்றிச் சொன்னார். நின்று போன லிஃப்ட், தானாக ஏறிய லிஃப்ட், கதவு திறக்க மறுத்த லிஃப்ட். உள்ளே அந்தக் கிணற்று மெத்தையில் அக்காவும் தங்கையும். பல வருஷப் பேச்சு பாக்கி இருந்தது இருவருக்கும். சிரிப்புச் சத்தம் ஹால் வரைக்கும் வந்தது.

சரி, முதல் அம்பு குறி தவறிவிட்டது. அம்பு இன்னும் இருக்கிறதே.

சகலை பாடுவார். காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது ஆரம்பிப்பார். ஆளில்லாத லிஃப்ட்டுக்குள் நின்று பாடிப் பழகிய குரல். அவர் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் சேர்ந்துகொள்ளும். நாய்க்காவது தாளம் இருந்தது.

"என்னங்க," என்றாள் டீச்சர், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அத்தான் பாட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறந்திடாதீங்க. அது அவருக்கு உசிரு. கோபம் வந்தா மனுஷன் நம்மளைப் பெட்டியோட வெளியில அனுப்பிடுவார்."

பெட்டியோடு! அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது.

சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கும்போதே கேட்டார். "சகலை, தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் ஏறுது, சரி. எந்த மாடியில நிக்கும்னு உங்களுக்கே தெரியாதா?"

சகலை கரண்டியைக் கீழே வைத்தார். அவர் மகளும் சகலையின் மகளும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். "நடுவுல நடுவுல கதவைத் திறந்து மூடற சத்தம் வேற கேட்குது" என்று அவரே முடித்தும் வைத்தார்.

சகலை எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார்.

கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். வெற்றிதான். ஆனாலும் அந்தப் பெரிய உடம்பு கதவைத் தாண்டிக் குனிந்து போனது கண்ணிலேயே நின்றது. மடித்த சட்டையையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

கதவு தட்டிய சத்தம். சகலை. கண் கலங்கியிருந்தது. வந்தவர் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. எல்லாரும் 'பிரமாதம், பிரமாதம்'னு கைதட்டிட்டுப் போயிடுவாங்க. இங்க எல்லாரும் மரியாதையாத்தான் பேசுவாங்க, சகலை. உரிமையா ஒருத்தன் திட்டினான்னு கேட்கறதுக்கே ஆசையா இருந்தது. நீங்கதான் சொந்தக்காரர்!"

பிடியில் மூச்சு முட்டியது. "இல்ல... சில இடம் நல்லாவும் இருக்கும்..." என்று முனகினார்.

"மழுப்பாதீங்க! இனிமே பாடப் போறதில்லை. குறைஞ்சது, கத்துக்கிட்டு அப்புறம் பாடறேன்."

அன்று அண்ணி அவர் தட்டில் வைத்ததையெல்லாம் இரண்டாள் சாப்பிடலாம். மாலையில் பக்கத்து வீட்டு அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு பூங்கொத்தை அவர் கையில் கொடுத்து, தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நாய் அவர் கையை நக்கியது. அது புரிந்தது.

மூன்றாவது அம்புக்கும் டீச்சரே நாண் ஏற்றிக் கொடுத்தாள். "அக்கா சமையல்ல உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதை மட்டும் சொல்லிடாதீங்க. பொம்பளைங்ககிட்ட எதைச் சொன்னாலும் சமையலைச் சொல்லக் கூடாது."

சொன்னார். உப்பு கடலில் இருக்க வேண்டியது, சூப்பில் இல்லை என்று சொன்னார்.

அண்ணி மெதுவாக இடுப்பில் இருந்த ஏப்ரனை அவிழ்த்தார். வந்து அவர் இடுப்பில் கட்டினார். முடிச்சு பலமான முடிச்சு.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க அருமையா சமைப்பீங்கன்னு இவ சொல்லிக்கிட்டே இருந்தா. எப்படிக் கேட்கறதுன்னு கூச்சமா இருந்தது."

அன்று முதல் அக்காவும் தங்கையும் கடற்கரைக்கு நடந்துபோய் வந்தார்கள். கடைவீதிக்குப் போய்க் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சகலை அலுவலகத்துக்கு, பெண்பிள்ளைகள் சைக்கிளுக்கு. கண்ணாடிக்கடைக்காரர் அடுப்புக்கு. சூப்பின் ஆவியில் அவருடைய கண்ணாடியே மங்கிப்போனது.

ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வெங்காயம் எடுக்கப் போனார். வெங்காயம் துணி துவைக்கும் மெஷின் இருக்கும் சின்ன அறையில் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்காவும் தங்கையும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்து என்னடி சொல்லச் சொல்லப்போற? மாடி ரூம் சுவரைப் பார்த்தியா? பெயிண்ட் அடிச்சு எவ்வளவு நாளாச்சு!" இது அண்ணி.

"நான் எங்க சொல்லச் சொல்றேன், அக்கா?" இது டீச்சர். "சொல்லாதீங்கன்னுதானே சொல்றேன்!"

இரண்டு பேரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவருக்கு ஒவ்வொன்றாகத் தெளிந்தது. மெத்தை. பாட்டு. உப்பு. கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்பாரே, அந்த மாதிரி. இப்போ நன்றாகத் தெரிந்தது. பூனை மாதிரி பின்னால் நகர்ந்து வெறுங்கையோடு அடுப்படிக்கு வந்தார்.

கோபம் வரவில்லை. ஒரு உற்சாகம்தான் வந்தது. எதிரியின் சூத்திரம் கையில் கிடைத்துவிட்டதே! டீச்சர் 'வேண்டாம்' என்றால் 'வேணும்' என்று அர்த்தம். இனி அவள் எதைச் செய்யாதே என்கிறாளோ, அதைச் செய்யாமல் இருந்தால் போதும். சொன்ன சொல்லை அப்படியே கேட்டே அவளைக் கவிழ்த்துவிடலாம். கல்யாண வாழ்க்கையில் இதுவரை அவருக்குத் தோன்றாத உபாயம்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் அடுப்படிக்கு வந்தாள். மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மூடினாள்.

"என்னங்க, இன்னிக்குச் சாப்பிடும்போது அத்தான் உங்ககிட்ட ஏதோ கேட்கப் போறாராம். என்னன்னு எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் தயவு செஞ்சு முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஓஹோ" என்றார் அவர்.

"என்ன ஓஹோ?"

"ஒண்ணுமில்ல. சொல்லமாட்டேன்."

அவள் போனதும் கணக்குப் போட்டார். 'முடியாது' என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் இவள் ஆசை. அப்படியென்றால் சகலை கேட்கப்போவது எனக்குச் சாதகமான கேள்வி. 'ஊருக்குப் போக மனசு இருக்கா, டிக்கெட்டை முன்னாடி போடட்டுமா' என்றுதான் கேட்கப் போகிறார்! பாத்திரத்தை இறக்கும்போது அவர் வாய் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்தது. சகலையின் பாட்டுதான்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சகலை தொண்டையைச் செருமினார்.

"சகலை, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கேட்கவே தயக்கமா இருக்கு..."

"தயக்கமே வேண்டாம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "எதுவா இருந்தாலும் சரி. முழுச் சம்மதம். பேச்சு மாறமாட்டேன். இதோ என் பொண்ணு சாட்சி."

"நிஜமாவா?"

"வாக்குன்னா வாக்கு!"

சகலை எழுந்து நின்றே விட்டார். "அப்போ மலைக்கு எல்லாருமா போறோம்! அங்கிருந்து என் தம்பி தீவுக்கு. உங்க ஊர் டிக்கெட்டைப் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்துக்கு மாத்திடறேன். கடை இருக்கே, ஒத்துக்குவாரான்னு பயந்துக்கிட்டே இருந்தேன்!"

பெண்பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அண்ணி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்கு ஒரு கணம் கண் நிறைந்துவிட்டது. மலை என்ற வார்த்தையைக் கேட்டதும் சின்னப் பெண் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும், வாயில் வந்த 'இல்லை'யை அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

குனிந்து அவள் காதில் மட்டும் கேட்டார். "நான் ஒட்டுக் கேட்டது உனக்குத் தெரியுமா?"

"வெங்காயம் எடுக்க வந்தவர் வெங்காயம் போடாமலே இறக்கியிருக்கீங்களே," என்றாள் அவளும் காதோடு.

சகலைக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. "கேட்கறதுக்கு முன்னாடியே சரின்னுட்டாரே! எப்படிம்மா இது?"

டீச்சர் அமைதியாகக் கணவரின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவர் என் பேச்சைத் தட்டினதே இல்லை, அத்தான்."