பதினோராவது கேள்வி

மேழிக்கோட்டம் என்றொரு நாடு இருந்தது. அங்கே பாம்புகள் அதிகம்; அமைச்சர்கள் அதைவிட அதிகம்.

சிறு சிறு இணையதளங்கள் செய்து பிழைத்துவந்த நாச்சியம்மை, எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று நாற்பது ஊர்களுக்குச் சொல்லும் தளம் ஒன்றைச் சும்மாவே நடத்தினாள். அதன் விவரங்கள் இருந்த தரவுத்தளம், முகம் தெரியாத சிலர் எழுதியது. "யாரும் எடுக்கலாம், திருத்தலாம், எங்கள் பெயரை மட்டும் அழிக்காதீர்கள்" என்பதே அதன் உரிமம்.

இலவசத்துறை அமைச்சர் கொதித்தார். "குடிகள் தாங்களாகவே இலவசம் எடுத்துக்கொள்வது மன்னரை அவமதிப்பதாகும். இனி இலவசத்தை அரசே வழங்கும்!"

பழையது தடை செய்யப்பட்டது. எல்லோரும் அரசின் 'மன்னர் தள'த்துக்கு மாறினார்கள். உரிமம் அறுபது பக்கம். முதல் மாதம், ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் மன்னரின் உரையைக் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாதம், ஓர் ஊருக்கு நாளொன்றுக்குப் பத்துக் கேள்விகள்தான் என்றார்கள்.

நாச்சியம்மை உரிம அதிகாரியிடம் ஓடினாள். "ஐயா, பாம்பு எண்ணிப் பாத்தா கடிக்குது?"

"பத்துக்குள் கடிபடுமாறு மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுங்கள்" என்றார் அவர், நிமிராமலே.

சித்திரையில், எள்ளுக்காட்டில் கரும்பாயிரத்தின் மனைவி சிகப்பியைப் பாம்பு தீண்டியது. அவன் கேட்டது அந்த ஊரின் அன்றைய பதினோராவது கேள்வி. பதிலுக்குப் பதில், கூடுதல் கேள்வி கேட்பதற்கான விண்ணப்பப் படிவம் கைபேசியில் வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே மருந்து இல்லை. மருந்து இருந்த ஊர் எதிர்த்திசையில் இருந்தது. பாதி வழியிலேயே அவள் போய்விட்டாள்.

இழவு வீட்டிலிருந்து திரும்பிய நாச்சியம்மை, விவரங்களை மீட்க மன்னர் தளத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அதே முகம் தெரியாதவர்களின் பெயர்கள். மேலே மன்னர் படம் மட்டும்தான் புதிது. பழையதையே மறுபடி நிறுவினாள். நான்காம் நாள் காவலர்கள் வந்தார்கள்.

"இது அதே பழசுதாங்க. பேரைக்கூட ஒழுங்கா அழிக்கத் தெரியல" என்றாள் நீதிமன்றத்தில்.

"அதற்கென மூன்று குழுக்கள் அமைத்துள்ளோம்" என்றார் அமைச்சர் பெருமையுடன்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். "இலவசத்தைப் பயன்படுத்தலாம். உள்ளே எட்டிப் பார்ப்பது ராஜத்துரோகம். ஓராண்டுச் சிறை."

அவளைச் சிறைக்குக் கொண்டுபோகையில் வாசலில் கரும்பாயிரம் நின்றிருந்தான். "தாயி, அந்தப் பழச எங்க ஊருல நாங்களே வெச்சுக்கலாமா?"

"யாரு வேணாலும் வெக்கலாம்ணே. என்னையக்கூடக் கேக்க வேண்டாம்."

ஒரே மாதத்தில் நாற்பது ஊர்களும் ரகசியமாக ஊருக்கொரு நகல் எடுத்து வைத்துக்கொண்டன. கடிபட்டவர்கள் நேராக மருந்து இருந்த இடத்துக்குப் போனார்கள், பிழைத்தார்கள்.

தேர்தல் வந்தது. அமைச்சர் மேடையேறினார். "நாற்பது ஊர்களில் பாம்புக்கடிச் சாவே இல்லை! மன்னரின் இலவசத் திட்டத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கரும்பாயிரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தட்டுய்யா, பாக்குறாங்க" என்று பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடித்தான்.

கரும்பாயிரம் கைதட்டினான்.