ஊசல் பார்த்த தலை

1971 மே மாதம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரே ஒரு தலைக்கு நாற்பது சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எல்லோரும் அங்கே படிக்க வந்த நம்மூர் மாணவர்கள். தலை, கிட்டு என்கிற பத்தொன்பது வயது கிருஷ்ணமூர்த்தியுடையது. வெளிநாட்டு மாணவர் கால்பந்துப் போட்டியில் அவன் போட்டது ஐந்து கோல். ஐந்தும் தலையால் முட்டியவை. அரையிறுதியில் எதிரணிக்காரனின் முழங்கை அந்தத் தலையில் இறங்கியது. கிட்டு எழுந்தான், தன் அணியின் கோலை நோக்கியே நடந்தான், ஜெர்மன் நடுவரிடம் தமிழில் "காப்பி ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

மருத்துவர் மூளை அதிர்ச்சி என்றார். மூன்று வாரம் படுத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இறுதியாட்டம் ஆறாம் நாள். சொந்தக்காரர்களுக்கு மருத்துவரைப் பிடிக்காமல் போனது. கிட்டுவின் விடுதி அறை முன் வரிசை நின்றது. "ரெண்டே கோல் போதும்டா ராஜா" என்று கட்டிலருகே கெஞ்சிவிட்டுப் போனார்கள்.

அணியின் மேலாளர் ரகுநாதன், இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவர். அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் ஜெர்மன் அம்மாள் ஒருவரைச் சொன்னாள். திருவாளர் வெண்ட்லிங். பட்டு நூலில் பித்தளைக் குண்டு கட்டிய ஊசலால் நோய் பார்ப்பவர். அம்மாளின் முழங்காலையும் அவளுடைய பூனையையும் குணப்படுத்தியவர்.

ஊரில் யாராவது வேப்பிலையோடு வந்திருந்தால் ரகுநாதன் வாசலிலேயே விரட்டியிருப்பார். கல்லூரியில் மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் அவர். ஆனால் வெண்ட்லிங் கோட்டு போட்டிருந்தார். ஜெர்மன் பேசினார். நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி நான்கு மணிக்கே வந்தார். அப்படிப்பட்டவர் பொய் சொல்வாரா?

ஊசல் வலமாகச் சுற்றினால் மூளை நலம், இடமாகச் சுற்றினால் கலக்கம். முதல் நாள் இடம். பணம் வைத்த ஒரு உறை கை மாறியது; கிட்டுவின் நெற்றியில் செப்புப் பட்டை ஏறியது. மூன்றாம் நாளும் இடம். இன்னொரு உறை, இன்னொரு பட்டை. ஐந்தாம் நாள் குண்டு மெல்ல வலப்பக்கம் திரும்பியது. நாற்பது பேர் மூச்சு விட்டார்கள். ரகுநாதன் ஒவ்வொரு சுற்றையும் ஸ்டாப்வாட்சில் அளந்து, வரைபடத்தாளில் கோடு இழுத்தார்.

"ரெஸொனன்ஸ்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கிட்டு மட்டும் ஆட்டவில்லை, ஆட்டினால் வலித்தது.

வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வத்சலா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரகு, அவனோட தலைவலி இந்த கிராஃப்ல எங்க இருக்கு?"

"அது சப்ஜெக்டிவ். இது டேட்டா."

"ஊசலைப் பிடிக்கிறது யாரு?"

"அவர்தான்."

"எந்தப் பக்கம் சுத்தினா உங்களுக்குச் சந்தோஷம்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? சனிக்கிழமை மேட்ச்னு நான்தானே சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. முதல் பரிசு வாங்கிய மூளை அது.

சனிக்கிழமை காலை, மைதானத்து உடை மாற்றும் அறை. தன் ஊசல் கம்பளியையும் சுவரையும் ஊடுருவும் என்று வெண்ட்லிங் பலமுறை பெருமையடித்திருந்தார். "பையனுக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. போர்வைக்கு மேலேயே பாருங்கள்" என்று வத்சலா ஜெர்மனில் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். மேசைமேல் தலை முதல் கால் வரை போர்த்திய உருவம். ரகுநாதனிடம்கூட அவள் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

குண்டு தொங்கியது. தயங்கியது. வலமாகச் சுற்றியது, அழகாக, அகலமாக.

"மூளை தெளிவாக இருக்கிறது. இரத்த ஓட்டம் அருமை. தொண்ணூறு நிமிடமும் ஆடலாம். பயமில்லாமல் முட்டலாம்" என்றார் வெண்ட்லிங். ரகுநாதன் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வத்சலா போர்வையை இழுத்தாள். உடம்பு இருந்த இடத்தில் மூன்று துணிப்பைகள். தலை இருந்த இடத்தில் ஒரு கால்பந்து.

"வீரனின் அதிர்வுகள் பந்திலும் பதிந்திருக்கும்" என்றார் வெண்ட்லிங், கண் சிமிட்டாமல். ரகுநாதனின் கை பென்சிலைத் தேடிப் போனது. வத்சலா பார்த்தாள். கை சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டது.

அப்போது பக்கத்துக் கழிப்பறையிலிருந்து கிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். அன்று இரண்டாவது வாந்தி.

"ரகு சார், இன்னிக்கு யாரோட மேட்ச்?"

காலையிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டான். முதல் மூன்று முறையும் பதில் சொல்லித் தட்டிக்கொடுத்தவர் ரகுநாதன். இந்த முறை அவர் குனிந்து, அவன் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் நிமிர்வதற்குள் வெண்ட்லிங் போய்விட்டிருந்தார். கிளம்புவதிலும் நேரம் தவறாதவர்.

கிட்டு இல்லாமல் ஆடி ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கிட்டு பிழைத்தான், தலை நரைத்த பிறகும் சதுரங்கத்தில் ரகுநாதனைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான்.

வத்சலா ரகுநாதனையே மணந்துகொண்டாள். எந்த ஊசலைக் கேட்டாளோ தெரியாது. நாற்பது வருடம், வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் சோறு போட்டுவிட்டு இந்தக் கதையையும் பரிமாறினாள். போன மார்ச்சில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரகுநாதனைக் கேலி செய்யும் பொறுப்பும் இப்போது அவர் தலையிலேயே விழுந்திருக்கிறது. அவள் முடிக்கும் விதமாகவே முடிக்கிறார்:

"பந்துக்குள்ள காத்து இருக்கலாம். அதை உதைக்கத்தான் செஞ்சிருக்காங்க. உங்க கழுத்துக்கு மேல இருக்கிறதுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாத்துக்குங்க. ஊசல்காரனைக் கேட்காதீங்க, அவன் ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்வான்."