நாற்காலிக்காக ஒரு பொதுச்சேவை

இனி ஊருக்கு உழைப்பது என்று அவர் முடிவு செய்தது ஒரு வியாழக்கிழமை காலையில், சாய்வு நாற்காலியில் படுத்தபடி. காரணம் ஊர் அல்ல. அந்த நாற்காலிதான்.

அதற்கு ஒரு கால் ஆட்டம். துணி நடுவில் கிழிசல். "இந்த ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடறேன்" என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்தார். சொல்லும்போதெல்லாம் அதிலேயே படுத்திருந்தார். அன்று மனைவியின் பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார். ஒண்ணு நாற்காலி சரியாகணும், இல்ல அவரோட கிளம்பணும்."

வீட்டில் அவர் சொன்னபடி கேட்கிற ஒரே ஜீவன் அந்த நாற்காலி. அவரே சரி செய்யலாம் என்றால், ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் சுத்தியலைப் போடுகிற கை அவருடையது.

ஆனால் மூளை இருந்தது. இருப்பதாக அவரே அடிக்கடி சொல்வார். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. வேண்டாத பொருட்களை வாங்கி, பழுது பார்த்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்க அங்கே ஒரு பொது மையம்! நாற்காலியும் பழுதுக்குக் காத்திருக்கும் பொருளாக அங்கே போய்விடும். மையத்தின் தலைவர் என்ற முறையில் அவர் அதில் படுத்து மேற்பார்வை செய்வார். யார் கேட்க முடியும்?

அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவதே அவர் உத்தியோகம். உட்கார்ந்து விதி எழுதினார்: 'பழுது நீங்காத எதையும் மையம் வெளியே அனுப்பாது.' நாற்காலிக்கு ஆயுள் காப்பு! ஒரே விதி என்றால் பார்க்கக் கனமாக இல்லையே என்று இன்னொன்றும் சேர்த்தார்: 'பழுது நீங்கிய பொருள் முதலில் கேட்பவருக்கு. கொடுத்தவர் திரும்பக் கேட்கக் கூடாது.'

மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதை அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"தலைவர் போட்ட விதி! நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை திறப்பு விழா. பேசாத ரேடியோ, சுற்றாத மின்விசிறி, கைப்பிடி போன குக்கர் எல்லாம் வந்து சேர்ந்தன. நாற்காலியில் 'கொடுத்தவர்' என்று அட்டை கட்டி, முழுக் கையெழுத்தும் போட்டுவிட்டு, வரவேற்புரைக்கு எழுந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். முதுகுக்குப் பின்னால் டொக் டொக்கென்று சத்தம். கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார்.

திரும்பினால், மனைவி வாயில் இரண்டு திருகாணியும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக நாற்காலிக் காலை முடுக்கிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா புதுத் துணியை ஆணி அடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"பார்த்தா தெரியல? ரிப்பேர்."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"பின்னே? நம்ம வீட்டுக் குழாய், மிக்சி எல்லாம் தானா சரியாயிடுதுன்னா நெனச்சீங்க?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"முடிஞ்சுது. இந்த நாற்காலியை நான் கேக்கறேன். நான்தான் முதல்ல."

"ஐயோ, அது என்னோடது!"

பக்கத்து வீட்டுத் தச்சர் கதவுப் பக்கம் போய், அதில் ஒட்டியிருந்த இரண்டாவது விதியை நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தார். அன்று விழாவில் உண்மையான கைதட்டல் அதற்குத்தான்.

மூன்று மாடி, நாற்காலியைத் தலைவரே தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம், பழைய இடத்திலேயே போடச் சொல்லி, அவள் காலை நீட்டிப் படுத்தாள். அவர் மூச்சு வாங்கியபடி நின்றார். உட்கார வேறு இடம் தேடும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

"உனக்குத்தான் இந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாதே!"

"நாற்காலி மேல எனக்கென்னங்க கோபம்? எப்பப் பார்த்தாலும் அதுல நீங்க இருந்தீங்க. அதான்."

அவர் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

"இப்படியே போனா, ஒரு நாள் என்னையும் தூக்கிப் பழைய சாமான்காரர்கிட்ட கொடுத்துடுவே."

அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "அது எப்படிங்க முடியும்? ரிப்பேர் ஆகாத எதையும் வெளியே அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க!"