ஆட்டோவில் வந்த சீஃப் கெஸ்ட்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எங்கள் வகுப்பில் அந்த நாலு பேரும் நான் ஒருத்தன்தான்.

திருவண்ணாமலையில் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த கல்லூரியில் ஃபீஸ் கம்மி. அதனால் ஃபேனும் கம்மி, பெஞ்சும் கம்மி. (கொசு மட்டும் ஜாஸ்தி.) ஆங்கில மன்றத் தொடக்க விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட வசதியில்லை என்று துறைத்தலைவர் மேடம் வகுப்பில் புலம்பினார். நான் எழுந்து நின்றேன்.

"ரமணாசிரமம் பக்கம் எனக்கு நெறைய வெள்ளைக்காரங்க பழக்கம் மேடம். ஒருத்தர கூட்டியாந்துடறேன்."

பழக்கம் என்றால், அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும்போது கை காட்டுவேன். அவர்களும் காட்டுவார்கள். அவ்வளவுதான்!

"பிரின்ஸிபால்கிட்ட சொல்லிட்டேன்பா. என் மானத்த வாங்கிடாத. இன்டர்னல் மார்க் என் கையிலதான் இருக்கு" என்றார் மேடம்.

விழா அன்று நானும் நண்பன் சாதிக்கும் அவன் அப்பாவின் ஆட்டோவை எடுத்துக்கொண்டு செங்கம் ரோடெல்லாம் அலைந்தோம். நாங்கள் கேட்ட வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு டீக்கடை பெஞ்சில் வெள்ளை வேட்டி, கழுத்தைச் சுற்றிச் சால்வை, நெஞ்சு வரை தாடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மனப்பாடம் செய்த இங்கிலீஷை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சிரித்தார், தலையாட்டினார், ஆட்டோவில் ஏறிவிட்டார்.

"இன்னாடா, ஒண்ணுமே பேச மாட்றாரு?" என்றான் சாதிக்.

"பெரிய ஆளுங்க அப்படித்தான்டா. நீ வண்டிய ஓட்டு."

மேடையில் பொன்னாடை போர்த்துவதற்காகப் பெரியவர் சுற்றியிருந்த பழைய சால்வையை எடுத்தார் பிரின்ஸிபால். அடியில் அவர் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'மௌன விரதத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரின்ஸிபால் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். (நான் ஃபேனைப் பார்த்தேன்.)

அதற்குள் பெரியவரே எழுந்து மைக் முன்னால் போய்க் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றுவிட்டார். அரங்கத்தில் சத்தமே இல்லை. எங்கள் கடைசி பெஞ்ச் அப்படி அடங்கி நான் பார்த்ததேயில்லை. வெகுநேரம் கழித்து அவர் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். என் இன்டர்னல் மார்க் அத்தோடு போச்சு என்று நினைத்தேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கை தட்டினாள். பிறகு மொத்த அரங்கமும் தட்டியது. பிரின்ஸிபால் எழுந்து நின்று தட்டினார். வேறு வழியில்லாமல் மேடமும் தட்டினார்.

"தப்பிச்சடா" என்றார் மேடம் கீழே இறங்கும்போது. மார்க்கில் கை வைக்கவில்லை, மகராசி.

அந்த ஓட்டை ஃபேன் அரங்கத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ விழாக்களில் எத்தனையோ பேச்சைக் கேட்டுவிட்டேன். ஒன்றும் ஞாபகமில்லை.

மூன்றாவது வரிசைப் பெண் இப்போது வேங்கிக்காலில் என் வீட்டில்தான் இருக்கிறாள், என் மனைவியாக. எங்களுக்குள் சண்டை வந்து நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், உடனே பிள்ளைகளைக் கூப்பிடுவாள்.

"வாங்கடா, நம்ம வீட்டுக்கு சீஃப் கெஸ்ட் வந்துருக்காரு. எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டுகிறார்கள்.