நிற்பவர்களுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு

உழைக்கும் மக்களைப் பாடிய பாட்டுகள் உலகத்தில் ஏராளம். படகு வலிக்கிறவர்களுக்கு உண்டு, நாற்று நடுகிறவர்களுக்கு உண்டு, மூட்டை தூக்குகிறவர்களுக்கும் உண்டு. ஆனால் துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கென்று, கீபோர்டு, செண்டை, கோரஸ் சகிதம் ஒரு பாட்டை உண்டாக்கி மனித நாகரிகத்தையே ஒரு மாடி மேலே ஏற்றிய பெருமை திருச்சூரில் எங்கள் பாலத்திங்கல் வஸ்திராலயத்துக்கே உரியது. நான் அங்கே சூப்பர்வைசர். பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

விஷயம் ஒரு ஸ்டூலில் ஆரம்பித்தது. கல்யாணப் புடவைப் பிரிவில் இருக்கும் லீலாமணிச் சேச்சிக்குக் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. எங்கள் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காருவதில்லை. ஆள் வராத நேரத்திலும் நிற்பார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. உட்கார ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான். டாக்டர் சேச்சியிடம், “உட்கார்ந்து வேலை செய், இல்லாவிட்டால் வேலையை விடு” என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டால் சேச்சி வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வறீது முதலாளியிடம் வந்தார்.

“முதலாளி, ஒரே ஒரு ஸ்டூல் போதும். மாத்தி மாத்தி உட்கார்ந்துக்கறோம்.”

முதலாளியின் கண் கலங்கிவிட்டது. “ஸ்டூலா? உன் உழைப்புக்கு வெறும் ஸ்டூலா லீலாமணி? உன்னை நீயே இவ்வளவு சின்னதா நினைச்சுட்டியே.”

“காலு பெருசாகிட்டே போகுது முதலாளி. அதான் சின்னதா கேக்கறோம்.”

“ஸ்டூல் உடைஞ்சு போகும். நான் உங்களுக்கு உடையாத ஒண்ணு தர்றேன்” என்றார் முதலாளி.

பாட்டுப் போட்டுப் பாராட்டு விழா நடத்த அன்றைக்கே வரவேற்புக் கமிட்டி அமைக்கப்பட்டது. கன்வீனர் நான். மேடைக்கு ஒரு துணைக் கமிட்டி, சாப்பாட்டுக்கு ஒன்று, துணைக் கமிட்டிகளுக்குள் சண்டை வந்தால் தீர்க்க ஒன்று. இசைக்குப் பாட்டு வாத்தியார் குறுப்பு மாஷ். மாதா கோயில் பெருநாளுக்கும் பகவதி கோயில் வேலைத் திருவிழாவுக்கும் கட்சி மாநாட்டுக்கும் ஒரே மெட்டில் பாட்டுப் போடும் மதச்சார்பற்ற மேதை. தொழிலாளியின் ஆத்மாவை அறிய வேண்டும் என்று கடைக்கு வந்தார். மேனேஜர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். அதில் சாய்ந்து உட்கார்ந்து லீலாமணிச் சேச்சியை நெடுநேரம் ஆழமாகப் பார்த்தார்.

“சேச்சி, உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்க. அதை அப்படியே ராகமாக்கறேன்.”

“உட்காரணும்னு ஓடுது மாஷே.”

“அது மெட்டுல நிக்காது. வேற?”

“படுக்கணும்.”

மாஷ் அதையும் விட்டுவிட்டு, நெற்றி வியர்வை முத்தாவதைப் பற்றி எழுதினார். கடை ஏசி என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குள்ளேயே மேடை போட்டு. அங்கேதான் மேடைக் கமிட்டி ஒரு பிழை செய்தது. எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்தாத வாரம் கிடையாது. யாருக்குப் பொன்னாடையோ அவர் நாற்காலியில் இருப்பார், போர்த்துகிறவர் நிற்பார். அந்தப் பழக்கத்தில் கமிட்டிக்காரர்கள் மேடையில் பெண்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுவிட்டார்கள். நானும் அதே பழக்கத்தில் மைக்கைப் பிடித்து, “பாட்டு ஒலிக்கும்போது கௌரவிக்கப்படுகிறவர்கள் அமர்ந்திருக்க, மற்ற அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று அறிவித்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக லீலாமணிச் சேச்சி கடைக்குள் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. தன் ராகம்தான் காரணம் என்று மாஷும் அழுதார்.

பாட்டு முடிந்தது. முதலாளி உட்காரப் போனார்.

“ஒன்ஸ் மோர்” என்றார் சேச்சி.

மறுபடி பாடினார்கள். மறுபடி முதலாளி நாற்காலியைத் தொட்டார்.

“சரணம் சரியா காதுல விழலை மாஷே” என்றாள் சுடிதார் பிரிவு ஜெஸ்ஸி.

உணர்ச்சிவசப்பட்ட முதலாளி, பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அறிவித்தார்: இனிமேல் கடையில் ஒவ்வொரு கல்யாண பில் போடும்போதும் இந்தப் பாட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கும், இதே மரியாதையோடு. நாற்காலிகள் கடையிலேயே தங்கின.

மறுநாள் நடந்தது வணிக வரலாற்றில் இல்லாதது. வழக்கமாக ஒரு கல்யாண வீட்டார் புடவை எடுக்கக் காலைக் காப்பிக்கு வந்தால் மத்தியானச் சோறு வரைக்கும் புரட்டுவார்கள். இப்போது பெண்கள் விடவில்லை.

“அம்மே, இந்தக் கலர் உங்க மோளுக்குன்னே நெய்தது. யோசிக்காதீங்க, பில் போடுங்க. பாட்டு வரும்.”

பில் விழும். பாட்டு வரும். பெண்கள் உட்காருவார்கள். கல்யாண வீட்டாரும் நானும் முதலாளியும் எழுந்து நிற்போம். சரணம் முடிவதற்குள் அடுத்த பில். கல்லாவில் முதலாளி எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். சாயங்காலம் எழுந்தவர் உட்காரவே இல்லை. அத்தனை வியாபாரம்.

“ஆன்டோ, இந்தப் பாட்டு கொஞ்சம் நீளம் இல்லியாடா?” என்றார் என்னிடம்.

“உழைப்போட பெருமை அப்படி முதலாளி.”

“பெருமை இருக்கட்டும். என் காலைப் பாரு.”

பார்த்தேன். வீங்கியிருந்தது. சேச்சியைப் பார்த்த அதே டாக்டர் வந்து, அதே வார்த்தையைச் சொன்னார்.

இப்படித்தான், நின்றால் கால் வலிக்கும் என்ற உண்மை எங்கள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் முதலாளி. கமிட்டி உடனே கூடியது. நிற்கும் கொடுமைக்கு அன்றே முடிவு கட்டப்பட்டது. முதலாளிக்கு ஒரு நாற்காலி, கணக்கருக்கு ஒன்று, சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொன்று, மிச்சமெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு. புதிதாக வாங்க அவசியம் இருக்கவில்லை. மேடையில் போட்ட நாற்காலிகளே சரியாக இருந்தன.

குறுப்பு மாஷ் பல்லவியையும் திருத்தித் தந்தார். இப்போது அது “எழுந்து நில் தோழி, நிமிர்ந்து நில்” என்று தொடங்குகிறது.

“மாஷே, பழைய வரியே நல்லா இருந்துச்சே” என்றார் சேச்சி.

“கலைன்னா வளரணும் சேச்சி. இந்த வரியை உட்கார்ந்து கேட்டா அது உங்களுக்கே அவமரியாதை.”

“யாரைக் கேட்டு வளர்ந்துச்சு?”

கலைஞர்களிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

இப்போது பாட்டு ஒலிக்கும்போது கடையில் எல்லோரும் உட்கார்கிறோம், அது யாரைப் பற்றிய பாட்டோ அவர்களைத் தவிர. இன்று காலை லீலாமணிச் சேச்சி, ஒரு கையால் மேஜையைப் பிடித்தபடி, பாட்டு நடுவில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“சாரே, இது முடிஞ்சா கொஞ்சம் உட்காரலாமா?”

எனக்கு மனசு இளகிவிட்டது. நாற்காலியிலிருந்து கையை நீட்டி, பாட்டை முதலிலிருந்து மறுபடியும் போட்டேன்.