கரடி சிரிக்கக் கூடாது

"இந்தக் கரடி சிரிக்குது டீச்சர். வேணாம்," என்றார் அருணகிரி.

கோகிலவாணி புத்தகத்தை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அதற்குள் அவர் அதைப் பைக்குள் தள்ளிவிட்டார்.

"கரடி சிரிச்சா இன்னாண்ணா?"

"ரெண்டு கால்ல வேற நிக்குது. கரடி அப்பிடி நின்னா அடிக்கப் போவுதுன்னு அர்த்தம். நம்ம புள்ளைங்க சிரிப்பப் பாத்துட்டு கிட்ட போய்டும்."

கோகிலவாணி போளூர்ப் பக்கத்துப் பெண். அங்கன்வாடி வேலைக்காக மலையேறி ஒரு வருடம்தான் ஆகிறது. காட்டு விஷயத்தில் அவர் பேச்சைத் தட்ட அவளுக்குத் துணிவில்லை.

அங்கன்வாடியில் இருந்த ஒரே படப் புத்தகம் கிழிந்து, அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. கதை நின்றதும் பிள்ளைகளும் நின்றார்கள். பதினான்கு பேர் ஒன்பதானார்கள். மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வரும்போது பத்துப் பிள்ளைகளாவது இல்லையென்றால், இதை மூடி, இரண்டு ஓடை தாண்டியுள்ள ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் எந்தப் பிள்ளை நடக்கும்?

அருணகிரி புளி மூட்டை ஏற்றி இறக்கும் கூலியாள். ஜீப்பில் அடிக்கடி ஒடுகத்தூர் போய்வருவார் என்பதால், புதுப் படப் புத்தகம் வாங்கிவர அவரிடம்தான் அவள் பணம் கொடுத்திருந்தாள். போன வருடம்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்து, கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர். ஒடுகத்தூர்ப் புத்தகக் கடைக்காரர் ராஜ்குமார், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

'கரடி வேண்டாம்' என்று கோகிலவாணி சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

மூன்று நாள் கழித்து அடுத்த புத்தகம் வந்தது.

"செவப்புக் காளான்ல வூடு கட்டி எலி குடியிருக்குது டீச்சர். நம்ம புள்ளைங்க அந்தக் காளானத் தின்னா, வண்டி வர்றதுக்குள்ள உசுரு போய்டும்."

சீட்டில் காளானும் ஏறியது. செய்தி ஊருக்குள்ளும் ஏறியது. மறுநாள் செல்லியம்மாள் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏன் டீச்சர், வெஷக் காளானு திங்கச் சொல்ற புக்கு படிக்கப் போறீங்களாமே? எம் பொண்ண நான் சாமக் கொல்லைக்கே கூட்டிம்போறேன்."

ஒன்பது, எட்டானது.

மூன்றாவது புத்தகத்தில் ஒரு குழந்தை முயல் பின்னால் காட்டுக்குள் போனது. "பெத்தவ எங்க? ஒரு பக்கத்துலயும் காணோம்," என்று அருணகிரி வருத்தப்பட்டார். நான்காவதில் கதிர் பச்சையாக இருக்கும்போதே அறுத்தார்கள். "இதப் பாத்துட்டு சாமைய இப்பவே புடுங்கிட்டா வருசம் பூரா இன்னாத்த திங்கறது?"

பிள்ளைகள் ஆறாகிவிட்டார்கள்.

நான்காவதை அவள் பிடுங்கிப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு வரிக்குக் கீழும், புளிக் கறை இழுவியிருந்தது.

"கையக் கழுவிட்டுத் தொடக் கூடாதாண்ணா? கடக்காரரு எப்பிடித் திருப்பி எடுப்பாரு?"

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் டீச்சர். நாளைக்கு நானே போய் மாத்திட்டு வர்றேன்."

"நீங்க ஒண்ணும் போவ வேணாம்."

மேற்பார்வையாளர் வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை முதல் ஜீப்பில் அவளே மலையிறங்கினாள். கடையில் புத்தகத்தை வைத்து, கறைக்காக மன்னிப்புக் கேட்டாள். பிறகு நீளமான சீட்டை எடுத்தாள்.

"கரடி, காளான், தனியா போற கொழந்த, பச்சக் கதிரு, இதெல்லாம் இல்லாம, ஒரு கொறயும் இல்லாத புக்கு ஒண்ணு குடுங்கண்ணா. சென்டரே மூடிடும்போல இருக்குது."

ராஜ்குமார் சீட்டை வாங்கிப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து, தாளில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அவிழ்த்ததும் கரடி சிரித்தது.

"எங்கிட்ட இருந்ததே அஞ்சு கதப் புக்குதாம்மா. நால, அருணகிரி விரல் வெச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சிட்டாரு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. எல்லாத்தயும் படிச்சிட்டு இந்தக் கரடியவே புள்ளைங்களுக்கு எடுத்துக்கறேன், யாருக்கும் வித்துடாதீங்கன்னு மொத நாளே சொல்லிட்டுப் போனாரு."